பன்னிரண்டு படி

மார்லிஸ் அதை நான்கு டாலருக்கு வாங்கினாள்.
டுலூத்தில், அக்டோபர் கடைசியில், ஒரு கராஜ் விற்பனையில்,
வாஃபிள் சுடும் கருவிக்கும் ஜோடியில்லாத
ஒற்றைப் பனிச்சறுக்குக் கட்டைக்கும் நடுவில் கிடந்தது.
"எல்லாத்துக்கும் இது ஒண்ணு போதும்" என்றார் விற்றவர்.
எல்லாத்துக்கும் என்றால் எதற்கெல்லாம் என்று
கேட்டிருக்கலாம். குளிர். கையுறையை மறந்திருந்தாள்.

வீட்டில் ஏற்கெனவே மூன்று ரிமோட்.
ஒன்றுக்கு முதுகு மூடி இல்லை, டேப்பு ஒட்டியிருக்கிறது.
ஒன்று எந்தச் சாதனத்துடையது என்றே தெரியாது,
தூக்கிப் போடவும் மனம் வராது.

லேப்டாப்பில் கேபிளைச் செருகினாள்.
மென்பொருள் கேட்டது:
இதில் பழைய அமைப்பு ஒன்று இருக்கிறது.
அழிக்கவா, திறக்கவா?
அழிக்கத்தான் போனேன், மவுஸ் வழுக்கிவிட்டது
என்பாள் பிறகு அக்காவிடம்.

திறந்துகொண்டது வேறு யாருடைய வரவேற்பறையோ.
'ஹாக்கி.'
'ஹாக்கி, சத்தமில்லாமல்.'
'கீழ்த்தளம், தொடாதே.'
கடைசியில் வெறும் பெயர்: 'வெர்லின்-5.'

சொடுக்கினாள்.
ஒலி குறை. ஐந்து நிமிடம் பொறு.
ஒலி குறை. ஐந்து நிமிடம் பொறு.
ஒலி குறை.
இப்படியே பன்னிரண்டு முறை. அதன்பின்
திரையை அணை.

பிழை என்றுதான் முதலில் நினைத்தாள்.
ஒரு டிவியை அணைக்க யாராவது
ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வார்களா?

கீழே, சாம்பல் நிறத்தில், பழைய முயற்சிகள்.
'வெர்லின்-1': ஒரு நிமிட இடைவெளி.
'வெர்லின்-2': இரண்டு.
'வெர்லின்-4': நாலரை.
மூன்றாவதைக் காணோம். அந்த இரவு என்ன ஆனதோ.

அப்போதுதான் விளங்கியது.
சட்டென்று சத்தம் நின்றால் விழித்துக்கொள்கிற ஆள் வெர்லின்.
பக்கத்தில் யாரோ விழித்திருந்து, கணக்குப் போட்டு,
தூக்கத்துக்குத் தெரியாமல் அதன் கையிலிருந்து
எவ்வளவு எவ்வளவாகச் சத்தத்தைத் திருடலாம் என்று
ஐந்து தடவை எழுதிப் பார்த்திருக்கிறார்.

ரிமோட்டின் அடியில் ஒரு ரப்பர் துண்டு ஒட்டியிருந்தது.
உடைசல் என்று வாங்கும்போதே பேரம் பேசியிருந்தாள்.
மேசையில் வைத்துப் பார்த்தாள்:
முகம் சற்றே நிமிர்ந்து
டிவி இருக்கும் திசையைப் பார்த்தது.
ஒரு மணி நேரமும் யாரும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

மற்ற பட்டன்களை எல்லாம் மாற்றினாள்.
தன் பழைய ரிமோட்டையும் புதியதையும்
மூன்று விரற்கடை தள்ளி, நேருக்கு நேர் வைத்து,
ஒன்று பேச ஒன்று கேட்க,
கண்ணுக்குத் தெரியாத அந்தப் பேச்சை
போன் கேமராவில் மட்டும் பார்த்தாள்:
கத்திரிப்பூ நிறத்தில் ஒரு துடிப்பு.
ஹாக்கி போனது. கீழ்த்தளம் போனது,
அவளுக்குக் கீழ்த்தளமே இல்லை.

வெர்லினில் மட்டும் ஒரு திருத்தம்.
அவர்கள் டிவியில் ஒலி நாற்பது வரை, இவளுடையதில் நூறு.
எனவே ஒவ்வொரு படிக்கும் இரண்டிரண்டு.
சேமிக்கும் முன் மென்பொருள் கேட்டது, பெயர் மாற்றவா?
'மார்லிஸ்' என்று அடித்தாள்.
அழித்தாள்.
'வெர்லின்-6' என்று போட்டாள்.

பேக்கரியில் அவளுக்கு வேலை அதிகாலை மூன்றுக்கு.
ஏழு மணிக்கே படுக்கை. டிவியில் யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டும்,
நிறுத்தினால் முழிப்பு வந்துவிடும்.
இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.
யாரும் கேட்டதுமில்லை.

அன்றிரவு மாவு டின்மேல் அதைச் சாய்த்து வைத்து
பட்டனை அழுத்தினாள்.
வானிலை சொல்பவர் படிப்படியாகச் சின்னவரானார்.
ஆறாவது படியில் ஃபிரிட்ஜின் முனகல் கேட்டது.
எட்டாவதில், கால்வாயில் நுழைகிற தாதுக் கப்பல்
ஒரு நீள ஊதல், இரண்டு குட்டை ஊதல்,
பாலம் அதே போலத் திருப்பிச் சொன்னது.
ஒன்பதில் பனி விழத் தொடங்கியிருக்க வேண்டும்,
ஜன்னல் கண்ணாடியில் மெல்லிய உரசல்.

பத்தாவது படி எப்படி இருந்தது என்று
அவளால் சொல்ல முடியாது.